லாரிக்குள் ஒரு தனிக்குடித்தனம்

மஞ்சள் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை எட்டிப் பார்த்தது. கண்டுபிடித்தவள் என் அக்கா மகள். ஏழாவது படிக்கிறாள். "மாமா, இந்த வண்டி பச்சைக் கலர்ல உள்சட்டை போட்டிருக்கு!" என்று கத்தினாள்.

வானூரில் அக்கா வீட்டை ஒட்டி ஒரு லாரி ஒர்க்‌ஷாப். ஜல்லி லாரி, டிப்பர், டிராக்டர் என்று எப்போதும் ஏதாவது ஒன்று வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கும். அன்று நின்றது ஒரு தண்ணி டேங்கர். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் குடிதண்ணீர் கொண்டுபோகிற வண்டி. ஆனால் அது பிறந்தபோது டேங்கர் இல்லை, மிலிட்டரி லாரி. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் முதல் வேலையாகப் பெயின்ட்டை மாற்றியாக வேண்டும். ராணுவ வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி சொல்கிறது. அதனால்தான் மேலே மஞ்சள், உள்ளே பச்சை.

வண்டியின் பெயர் ஸ்டாலியன். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பிறகு அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் வடிவமைப்பு. ராணுவத்துக்காக மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரிலும் பூட்டி இறக்கினார்கள். அதற்கு முன்னால் நம் ராணுவத்தின் சுமைதாங்கி, ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் செய்த லாரி. அதன் பெயர் சக்திமான்! டி.வி.யில் சுழன்று சுழன்று பறந்த சக்திமானுக்கு இந்த லாரி ஒரு தலைமுறை மூத்தது. எனக்கென்னவோ லாரிக்குத்தான் அந்தப் பெயர் பொருத்தம்.

சரி, அன்றைய சிக்கலுக்கு வருவோம். டிரைவர் அண்ணன் ஒர்க்‌ஷாப் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. நாலு பேர் தள்ளித்தான் வண்டி வந்திருக்கிறது. பேட்டரி வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையாம்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு பேட்டரிகள், அண்ணன் தம்பி மாதிரி அருகருகே. இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. ஆனால் ஒன்று தண்ணீர் வற்றி, மூடியைத் திறந்தால் அழுகின முட்டை வாடை. மற்றொன்றில் தண்ணீர் நிறைய இருந்தது, உயிர்தான் இல்லை. இரண்டையும் இணைக்கிற குட்டையான கேபிளில், நட்ட நடுவில், ஒரு மெல்லிய சிவப்பு ஒயரை யாரோ முறுக்கி மாட்டியிருந்தார்கள்.

"இதான் திருடன்," என்றார் அவர்.

சிவப்பு ஒயர் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தோம். டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒரு எஃப்.எம். செட், செல்போன் சார்ஜர், ஒரு சின்ன மின்விசிறி. மூன்றும் காருக்காகச் செய்தவை. கார் என்றால் 12 வோல்ட். இந்த லாரியோ 24 வோல்ட்.

வோல்ட் என்பதை நம் மாடித் தண்ணீர்த் தொட்டியின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் பீறிடும். அந்தப் பீறிடும் அழுத்தம் வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட், அதாவது எவ்வளவு வேலை நடக்கிறது என்ற கணக்கு.

பைக்கும் காரும் 12 வோல்ட்டில் ஓடும்போது லாரிக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் ஏன் 24? பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்றி எழுப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. எஞ்சினை எழுப்பும் செல்ஃப் மோட்டாருக்கு 4,000 வாட் வேண்டும் என்று வையுங்கள். 12 வோல்ட்டில் அதைக் கொடுக்க 333 ஆம்பியர் ஓட வேண்டும். 24 வோல்ட் என்றால் 167 போதும், பாதி. இதில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது: ஒயர் சூடாகி வீணாகும் மின்சாரம், ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் பாதியானால் வீணாவது பாதி இல்லை, கால்வாசி. செம்புக் கேபிளும் மெலிதாக இருந்தால் போதும். செம்பு விலை உங்கள் அப்பாவுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு வெறும் 6 வோல்ட்தான். போர் முடிந்தபின் 1950-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த எம்-38 ஜீப் நேராக 24-க்குத் தாவியது. இடையில் சில லாரிகளில் ஒரு தந்திரமும் செய்தார்கள். விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட், செல்ஃப் எடுக்கிற சில விநாடிகளுக்கு மட்டும் ஒரு சுவிட்ச் இரண்டு பேட்டரிகளையும் வரிசையாகக் கோத்து 24 ஆக்கிவிடும். எஞ்சின் எழுந்ததும் பழையபடி 12. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தாண்டிப் போகும் அந்தச் சுவிட்ச் தேய்ந்துபோனால் மெக்கானிக் பாடு திண்டாட்டம்தான்.

நம் டேங்கருக்கு வருவோம். 24 வோல்ட் பேட்டரி என்று தனியாக ஒன்றை இதில் வைக்கவில்லை. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். 12-உம் 12-உம் 24. அப்படியானால் நடுவில் தொட்டால் 12 கிடைக்கும் இல்லையா? கிடைக்கும்தான்! சிவப்பு ஒயரை மாட்டியவருக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. செலவில்லாமல், ஒரே ஒரு ஒயரில், காரியம் முடிந்தது. எஃப்.எம். பாடியது. மின்விசிறி சுற்றியது. ஒரு மாதம் எல்லாம் நன்றாகவே இருந்திருக்கும்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வேறு பேட்டரி போட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, பழைய ஜோடியை மாட்டி, மல்டிமீட்டரை என் அக்கா மகள் கையில் கொடுத்தார். அவள் சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பியைப் பிடித்துப் படித்தாள். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 28.1. சரியான அளவு. ஓடுகிற எஞ்சினில் 24 வோல்ட் வண்டிக்கு 28 சொச்சம் இருக்க வேண்டும், பேட்டரி ஒன்றுக்குப் பதினாலு. "அப்ப நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"ஒவ்வொண்ணா பாரு பாப்பா."

எர்த் பக்கத்து பேட்டரி, அதாவது மைனஸ் முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தது, 12.7. மற்றது 15.4.

உங்கள் வகுப்பில் ஒரு வாத்தியார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேரின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பார். கூட்டுத்தொகை 28 வந்தால் "சபாஷ்" என்று உட்காரச் சொல்லிவிடுவார். ஒருவன் 15-க்கு மேல் எடுத்து மூச்சு வாங்குகிறான், மற்றவன் பன்னிரண்டில் தத்தளிக்கிறான் என்பது அவர் கண்ணில் படவே படாது. ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோடு லாரியில் இருக்கும் ரெகுலேட்டர் அப்படிப்பட்ட வாத்தியார். இரண்டு முனைகளை மட்டும் பார்க்கும். நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்காது.

வரிசையாகக் கோத்த பேட்டரிகளில் ஒரே மின்னோட்டம்தான் இரண்டு வழியாகவும் போகும். எர்த் பக்கத்து பேட்டரியோ செல்ஃப், ஹெட்லைட்டுக்கு உழைத்தது போக, எஃப்.எம்.முக்கும் மின்விசிறிக்கும் தனியாக உழைக்கிறது. இரண்டுக்கும் ஒரே சாப்பாடு, ஒன்றுக்கு மட்டும் கூடுதல் வேலை. நாளுக்கு நாள் அது இளைக்கிறது. இளைத்த பேட்டரியின் வோல்ட் ஏறவில்லை என்றால், குறைகிற மிச்சம் அடுத்ததன் தலையில் விழும். 14.4 தாண்டி நெடுநேரம் போனால் பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிந்து குமிழியாக வெளியேறும். ஒர்க்‌ஷாப்பில் இதைப் "பேட்டரி கொதிக்குது" என்பார்கள்.

பட்டினி கிடந்த பேட்டரிக்கு என்ன ஆகிறது என்பது மரக்காணத்துப் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியும். பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் கந்தக அமிலத்தில் மூழ்கி இருக்கின்றன. பிரான்ஸின் காஸ்டன் பிளாந்தே 1859-இல் செய்து காட்டியது முதல் அடிப்படை இதுதான். மின்சாரம் எடுக்க எடுக்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். அதுவும் வேதியியல் கணக்கில் ஓர் உப்பு. உடனே சார்ஜ் ஏற்றினால் பொடிப் பொடியாக இருக்கும் அந்த உப்பு மறுபடி கரைந்து பழைய நிலைக்குப் போய்விடும். ஏற்றாமல் நாள் கணக்கில் விட்டால் பொடி வளர்ந்து கல்லாகும். ரசத்தில் பொடி உப்பு போட்டால் சட்டென்று கரையும், கல் உப்பு கரைய நேரம் எடுக்கும், பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? பேட்டரிக்குள் வளர்ந்த கல் உப்பு அனேகமாகக் கரைவதே இல்லை. உப்பளத்தில் உப்பு பெரிதாக விளைந்தால் சந்தோஷம். பேட்டரிக்குள் விளைந்தால் எடைக்குத்தான் போட வேண்டும்.

ஆக ஒரு சிவப்பு ஒயர், ஒரு பேட்டரியைப் பட்டினி போட்டும் மற்றதைத் தின்ன வைத்தும், இரண்டையும் தீர்த்துவிட்டது.

"அப்ப அந்த எஃப்.எம்.மை நேரா 24-லேயே மாட்டிட்டா?" என்று கேட்டாள் அக்கா மகள். புகைதான் வரும். 12 வோல்ட் பல்பை 24-இல் மாட்டினால் பளீரென்று ஒருமுறை கண்ணடித்துவிட்டுப் போய்ச் சேரும். செல்போன் சார்ஜர்களில் சில மட்டும் விதிவிலக்கு. அவற்றின் வயிற்றில் கொசு எழுத்தில் "12–24" என்று அச்சடித்திருக்கும். அப்பாவின் கார் சார்ஜரைப் பிடுங்கிப் படித்துப் பாருங்கள். இரண்டு எண்ணும் இருந்தால் அது லாரியிலும் பிழைக்கும்.

பழைய காலத்தில் நடுவில் ஒரு சுருள் கம்பியைத் தடையாகப் போட்டு வோல்ட்டைப் பாதியாக்குவார்கள். 60 வாட் செட்டுக்குக் கொடுக்க இன்னொரு 60 வாட் கம்பியில் சூடாகி வீணாகும். இப்போது கன்வெர்ட்டர் என்று உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி வருகிறது. உள்ளே ஒரு மின்னணு சுவிட்ச் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. பாதி நேரம் திறந்தும் பாதி நேரம் மூடியும் இருந்தால் சராசரி பாதி. குழாயை விட்டு விட்டுத் திறந்தாலும், அடியில் ஓட்டை உள்ள குடத்திலிருந்து தண்ணீர் ஒரே சீராக ஒழுகுகிறதல்லவா, அந்தக் குடத்தின் வேலையை உள்ளே ஒரு கம்பிச்சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் செய்கின்றன. 24 வோல்ட்டில் 5 ஆம்பியர் உள்ளே போனால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு வெளியே வரும். பத்தில் ஒரு பங்கு மட்டும் சூடு. இது இரண்டு பேட்டரிகளின் வெளி முனைகளிலிருந்தும் சமமாக எடுக்கிறது, நடுவில் கை வைப்பதில்லை என்பதுதான் இதில் பெரிய நிம்மதி.

எலக்ட்ரீஷியன் அண்ணன் இன்னும் ஒரு படி போனார். "டிரைவர் ராத்திரி பூரா பாட்டு கேப்பாரு. கன்வெர்ட்டர் மட்டும் போட்டா காலைல மறுபடி தள்ளணும்." அதனால் செத்த ஜோடிக்குப் பதில் மாட்டிய புது ஜோடியோடு, மூன்றாவதாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி, தனிப் பெட்டியில், சீட்டுக்குப் பின்னால். எஞ்சின் ஓடும்போது மட்டும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வழியாகக் கன்வெர்ட்டர் அதற்குச் சார்ஜ் ஏற்றும். எஞ்சினை அணைத்தால் உறவு அறுந்துவிடும். எஃப்.எம்., சார்ஜர், மின்விசிறி, பின்னால் பார்க்கிற கேமரா எல்லாம் இந்தச் சின்ன பேட்டரியின் பொறுப்பு. விடிய விடியப் பாடி அது காலியானாலும் செல்ஃப் எடுக்கிற பெரியவர்கள் இருவரும் முழுசாக இருப்பார்கள். ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் சமையல்.

இந்த யோசனை ராணுவத்துக்குப் பழகினது. பிரிட்டிஷ் ராணுவத்தின் லேண்ட்ரோவர்களில் வயர்லெஸ் பொருத்தியவை 24 வோல்ட் வண்டிகள். அவற்றில் எஞ்சினுக்கு இரண்டு பேட்டரி, ரேடியோவுக்குத் தனியாக இரண்டு. இரவெல்லாம் செய்திக்குக் காது கொடுத்துவிட்டு, விடியலில் எதிரி வரும்போது வண்டி எழவில்லை என்றால் என்ன ஆவது?

ஒயர் இழுக்கும்போது எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்த இரண்டு காரியங்களைக் கவனித்தேன். பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். சீட்டுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி வைத்தால் மாற்ற வசதிதான். ஆனால் பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் ஒயர் உரசிப் பாடியில் பட்டால் தடுக்க ஆளில்லை, ஒயரே பியூஸ் ஆகி எரியும். இன்னொன்று, வேலையைத் தொடங்கும் முன் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். 12 வோல்ட் நம்மைத் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே பாய்ச்சலில் பாயும், இரும்பு சிவக்கும். சின்ன வயதில் என் சைக்கிள் சாவி ஒரு டிராக்டர் பேட்டரியின் மேல் விழுந்ததைப் பார்த்தவன் நான். சாவி முனை உருகி உருண்டையாக நின்றது. பேட்டரிப் பெட்டிக்குள் நீங்கள் கை விடவே கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் இருந்தது எர்த். வண்டிகளில் போக ஒரு ஒயர்தான் இருக்கும். திரும்பி வர, இரும்புச் சேசிஸே வழி. சாதாரண ஊரில் அது போதும். இந்த டேங்கரோ தினமும் உப்பளத்துக்குப் போகிறது. கழுவெளி ஏரியிலிருந்து மரக்காணம் வரை காற்றே உப்பு. சேசிஸில் முடுக்கிய போல்ட்டைக் கழற்றியபோது அடியில் வெள்ளையும் பச்சையும் பழுப்புமாகப் பொருக்கு உதிர்ந்தது. பழுப்பு இரும்புத் துரு, பச்சை செம்பு. எலக்ட்ரீஷியன் அண்ணன் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து (பெயரைப் பாருங்கள்!), ஒயர் முனையின் செம்பு லக்கை முடுக்கி, மேலே கிரீஸைத் தடவினார். சின்ன பேட்டரிக்கோ சேசிஸை நம்பவே இல்லை. போகவும் வரவும் இரண்டு ஒயர்.

அந்தப் பொருக்கு எப்படி வந்தது என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. இத்தாலியின் அலெஸாந்த்ரோ வோல்ட்டா 1800-இல் உலகத்தின் முதல் பேட்டரியை அறிவித்தார். இரண்டு விதமான உலோக வட்டுகள், அவற்றுக்கு நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணி அல்லது அட்டை. அவ்வளவுதான். இங்கே செம்பு லக் ஒரு உலோகம், இரும்புச் சேசிஸ் இன்னொன்று, நடுவில் மரக்காணத்து உப்பு ஈரம். யாரும் கேட்காமலே லாரி தனக்குத் தானே ஒரு வோல்ட்டா பேட்டரி செய்துகொண்டு, இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. பேட்டரியும் துருவும் ஒரே குடும்பம். அதனால்தான் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்கிறார்கள். கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு கிளையும் உண்டு.

தனிக்குடித்தனம் பழைய லாரியோடு முடிந்துபோகிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தமில்லாமல் ஓடுகிற எலெக்ட்ரிக் காரில் சக்கரத்தைச் சுற்றும் பேட்டரி 300, 400 வோல்ட் இருக்கும். ஆனால் ஹாரனுக்கும் கதவுப் பூட்டுக்கும் விளக்குக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி அதிலும் உட்கார்ந்திருக்கிறது. பெரிய பேட்டரியிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏற்றுவது ஒரு கன்வெர்ட்டர். அந்தச் சின்னது செத்தால், பெரியது நிறைய இருந்தும் கார் கண் திறக்காது.

சாயங்காலம் டேங்கர் கிளம்பியது. செல்ஃப் ஒரே இழுப்பில் எடுத்தது. எஃப்.எம். அதற்கு முன்பே பாடிக்கொண்டிருந்தது.

என் அக்கா மகள் வோல்ட்டாவை விடவில்லை. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், அதுவும் உலோகம் என்று அவளே யோசித்துப் பிளாஸ்டிக் டம்ளர் எடுத்து வந்தாள். தண்ணீரில் ஒரு பிடி மரக்காணம் கல் உப்பு. ஒரு பக்கம் ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பி, மறுபக்கம் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆணி. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மல்டிமீட்டர் 0.74 காட்டியது. நோட்டை எடுத்து வகுத்தாள். "33 டம்ளர் வரிசையா கோத்தா 24 வோல்ட் வந்துடும் மாமா! டேங்கரை ஸ்டார்ட் பண்ணிடலாமா?"

மீட்டரில் 24 வரும்தான். ஆனால் செல்ஃப் "டிக்" என்றுகூட முனகாது. ஏன் என்று 167 ஆம்பியர் கணக்கை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குள் அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அடியே, டப்பாவுல இருந்த உப்பு முழுசும் எங்க போச்சு?"